கொழும்பிலிருந்து சால்மன் தூண்டிலுக்கு: குறைந்த செலவில் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை ரயில் பாதையில் முடிகிறது. பாதையைத் தாண்டினால் கருங்கற்கள், அதற்கப்பால் கடல். முதலில் கைத்தூண்டிலோடும் பிறகு கோலோடும் பல வருடங்களாக அந்தக் கற்களில் நிற்கிறேன். ஆடி பிறந்ததும் கனடாவுக்கோ லண்டனுக்கோ டிக்கெட் எடுத்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வருவார்கள். அங்கே இருக்கும் அண்ணனோ மச்சானோ இரண்டு கையாலும் சால்மனைத் தூக்கிப் பிடித்தபடி படம் அனுப்பியிருப்பார். “நானும் பிடிக்க வேண்டும், எதை வாங்கிக்கொண்டு போக வேண்டும்?” என்பதுதான் முதல் கேள்வி. அக்காவின் வீடு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருப்பதால் நானும் இரண்டு தடவை அங்கே போய்த் தூண்டில் போட்டிருக்கிறேன். கேட்டவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

இலங்கையில் சால்மன் பிடிக்க முடியாதா?

முடியாது. சால்மன் குளிர்நீர் மீன். ஆற்றில் பிறந்து, வட அத்திலாந்திக்கிலோ வட பசுபிக்கிலோ வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றைத் தேடி வருகிறது. நம்முடைய கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. சால்மனுக்கு அது ஒத்துவராது.

அதன் குடும்பத்து மீன் ஒன்று மட்டும் மலைநாட்டில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தோட்டத்துரைமார் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வானவில் ட்ரவுட் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தச் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பெயர்களை நம்பி ஏமாறவும் வேண்டாம். நாம் கடையில் ‘சமன் டின்’ என்று கேட்டு வாங்குவதில் பெரும்பாலும் சால்மன் இருப்பதில்லை. கும்பளா போன்ற சிறிய கடல்மீன்தான் இருக்கும். ‘இந்திய சால்மன்’ என்று விற்கப்படும் காலா மீன் முற்றிலும் வேறு குடும்பம். அவுஸ்திரேலியாவில் உறவினர் ‘அவுஸ்திரேலிய சால்மன்’ பிடித்தேன் என்றால், அதுவும் பெயரளவில்தான். உண்மையான சால்மன் வேண்டுமென்றால் விக்டோரியா மாநிலத்தில் சினூக் என்ற சால்மன் இனத்தின் குஞ்சுகளை வளர்த்து விடும் பரம்பீட், புலன் மெரி ஏரிகளுக்குப் போக வேண்டும்.

அப்படியானால் கொழும்பில் எதற்குப் பழக வேண்டும்? அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாமே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை போனபோது எனக்குக் கைத்தூண்டில் மட்டும்தான் தெரியும். அத்தான் தன் நண்பரிடம் கோலும் நூல் சுற்றும் ரீலும் இரவல் வாங்கித் தந்தார். இரண்டு வார விடுமுறையில் மழையும் விருந்துகளும் போக, ஆற்றுக்குப் போகக் கிடைத்தவை நான்கு விடியற்காலைகள். முதல் மூன்றும் நூல் சிக்கெடுப்பதிலேயே போயின. நான்காவது நாள் ஒரு மீன் கடித்தது. அது ஓடத் தொடங்கியதும் பதற்றத்தில் ரீலின் நூல் சுருளைக் கையால் இறுக்கிப் பிடித்துவிட்டேன். நூல் அறுந்தது. வாயில் முள்ளோடு அந்த மீன் போய்விட்டதே என்ற துக்கம் திரும்பி வரும் விமானத்திலும் என்னை விடவில்லை.

சால்மன் ஆற்றுக்கு வரும் காலம் சில வாரங்கள்தான். நமக்கு அங்கே கிடைக்கும் நாட்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. வீசுவது, முடிச்சுப் போடுவது, ஓடும் மீனுக்கு நூல் விடுவது மூன்றையும் அந்த நாட்களில் பழக இயலாது. கொழும்பில் பஸ் காசோடு ஆண்டு முழுவதும் பழகலாம். கற்களில் கடிக்கும் ஒரு கிலோப் பாரை சண்டை போடும் விதத்தைப் பார்த்தவனுக்குச் சால்மன் ஓடும்போது கை நடுங்காது. இரண்டாவது பயணத்துக்கு முன்பு மூன்று வருடம் ஒரே கோலோடு இங்கே பழகினேன். அந்தத் தடவை மீன் கரைக்கு வந்தது.

எவ்வளவு காசு வேண்டும்?

நீங்கள் பயப்படுகிற அளவு வேண்டாம். இன்று நான் எழுதும் விலை நாளை மாறிவிடும் என்பதால் பங்காகச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பதை நூறு பங்காக வைத்தால் நாற்பது ரீலுக்கு, இருபத்தைந்து கோலுக்கு, பதினைந்து நல்ல நூலுக்கு. மிச்சம் இருபதில் முள், ஈயம், நூல் முறுக்கேறாமல் தடுக்கும் சுழலி, இரண்டு மூன்று ஸ்பூன். ஸ்பூன் என்பது கரண்டியின் குழிப்பகுதியைப் போல வளைந்த உலோக இரை. இழுக்கும்போது காயப்பட்ட சிறுமீன் போல நெளியும்.

பெரும்பாலானோர் இந்தக் கணக்கைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் கோலுக்குப் பாதிக் காசைக் கொடுத்துவிட்டு, ரீலை மிச்சத்தில் வாங்குகிறார்கள். சுமாரான கோலிலும் பெரிய மீனைக் கரைசேர்க்கலாம். ரீல் இறுகினால் மீன் போய்விடும், நம் கடலின் உப்பு மலிவான ரீலை ஒரு பருவத்தில் தின்றுவிடும்.

கொழும்புக் கரைக்கும் ஒன்ராறியோத் துறைக்கும் சேர்த்து ஒரே செட் போதும்: எட்டு முதல் ஒன்பது அடி நீளமுள்ள நடுத்தர வலுக் கோல், 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 12 முதல் 15 இறாத்தல் தாங்கும் நூல். கோலின் அடிப்பகுதியில் எத்தனை கிராம் இரையை வீசலாம் என்று எழுதியிருக்கும். 10 முதல் 40 கிராம் வரை தாங்கும் கோலை எடுங்கள்.

புறக்கோட்டையிலும் நீர்கொழும்பிலும் தூண்டில் சாமான் கடைகள் உண்டு. ஆனால் நான் முதலில் பார்ப்பது பழையதைத்தான். நாட்டை விட்டுப் போகிறவர்கள் நல்ல ரீல்களைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போகிறார்கள். வாங்கும்போது கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக் காதருகே பிடியுங்கள். மணல் அரைபடுவது போல ஒலித்தால் வேண்டாம். நூல் படிந்து ஓடும் சிறு உருளை சுழல்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். அது நின்றுபோனால் நூல் தேய்ந்து அறும். கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை நுழைத்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். இதை ஒரு முகத்துவாரத்துப் பெரியவர் எனக்குச் சொல்லித் தந்தார். அதற்குப் பிறகு ஒரு பழுதான கோலும் என் கைக்கு வரவில்லை.

அந்தக் காசும் இல்லையென்றால்?

கைத்தூண்டிலோடு தொடங்குங்கள். வெறும் போத்தலில் ஐம்பது மீற்றர் தங்கூசியை, அதாவது நைலோன் இழையை, சுற்றி, ஒரு முள், ஒரு ஈயக்குண்டு, இறால் துண்டு. மீன் முகர்ந்து பார்க்கிறதா, கொத்துகிறதா, விழுங்கிவிட்டதா என்பதை விரல் நுனி கற்றுக்கொள்ளும். கோலோடு தொடங்கியவர்களுக்கு இந்த நுட்பம் வர வருடங்கள் எடுக்கிறது.

தங்கூசியா, பின்னல் நூலா?

தொடங்குகிறவருக்குத் தங்கூசி. விலை குறைவு, இழுபட்டு நீளும், அதனால் நீங்கள் தடுமாறி இழுத்தாலும் மன்னிக்கும். வெள்ளவத்தைக் கற்களின் கூர்முனையில் உராயும்போது மெல்லிய பின்னல் நூல் தங்கூசியைவிட எளிதாக அறுந்துவிடும். பின்னல் நூலில் தூரம் வீசலாம், கடி தெளிவாகத் தெரியும். அதெல்லாம் இரண்டாம் வருடத்துக்கு.

எத்தனை முடிச்சுத் தெரிய வேண்டும்?

ஒன்று. ஆனால் இருட்டிலும் போடத் தெரிய வேண்டும். நான் சொல்வது பலோமர் முடிச்சு. நூலை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணுக்குள் நுழையுங்கள். அந்த இரட்டை நூலில் ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். நுனியில் இருக்கும் கண்ணியை விரித்து, முழு முள்ளையும் அதற்குள்ளால் எடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நூலை இறுக்கினால் சூடேறி அந்த இடமே பலவீனமாகிவிடும். தொலைக்காட்சி பார்க்கும்போது ஒரு துண்டு நூலில் தினமும் பத்துத் தடவை போட்டுப் பாருங்கள்.

‘டிராக்’ என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ரீலின் முகப்பில் இருக்கும் திருகுதான் டிராக். மீன் பலமாக இழுக்கும்போது, நூல் அறுமுன்பே சுருள் வழுக்கி நூலை விட்டுக்கொடுக்க அது உதவுகிறது. அதிகம் இறுக்கினால் நூல் அறும். அதிகம் தளர்த்தினால் முள் வாயில் ஏறாது.

நூல் தாங்கும் பலத்தில் காற்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 12 இறாத்தல் நூல் என்றால் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ; அதற்கு ஒன்றரைக் கிலோ சரி. தராசு தேவையில்லை. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி நூலின் நுனியில் கட்டுங்கள். கோலை மெல்ல உயர்த்தும்போது போத்தல் நிலத்தை விட்டு எழும்ப எத்தனிக்க, சுருள் வழுக்கத் தொடங்க வேண்டும். அதுதான் அளவு. மீன் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள், திருகைத் தொடாதீர்கள், கோலை உயர்த்திப் பிடித்தபடி ஓட விடுங்கள். அது நின்றதும் கோலைப் பின்னால் இழுத்து, முன்னால் தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். ஏழெட்டுக் கிலோச் சினூக் நான்கைந்து தடவை இப்படி ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் பொறுமையாக நின்றவனுக்குத்தான் அது கிடைக்கும்.

கொழும்பில் எங்கே, எப்போது பழகலாம்?

பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ரயில் பாதையை ஒட்டிய கற்கள் என் பள்ளிக்கூடம். விடியுமுன் போய், வெயில் ஏறும்போது திரும்பிவிடலாம். 20 கிராம் ஸ்பூனை வீசி, மனதுக்குள் ஐந்து எண்ணி அது இறங்கியபின் இழுக்கப் பழகுங்கள். பாரைக்கும் சீலாவுக்கும் வேகமாகச் சுற்ற வேண்டும். சால்மனுக்கு, ஸ்பூன் நெளிவது மட்டும் தெரியும் அளவுக்கு மெதுவாக. இரண்டு வேகத்தையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுற்றுவதுதான் கடினம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் கற்களில் நிற்பது உயிரோடு விளையாடுவது. அப்போது பொல்கொடை ஏரிக்குப் போங்கள். கொடுவாவும் செம்பல்லியும் அங்கே உண்டு. ஆற்று நீரோட்டத்தில் மிதவை விட்டுப் பழகுவதற்குக் கடுவலைப் பக்கத்துக் களனி ஆற்றங்கரை நல்லது, வெள்ளக் காலத்தில் தவிர. சால்மன் ஆற்றில் மிதவை விடும் முறையும் இதுவே: இரை அடியைத் தொட்டும் தொடாமலும், நீரின் வேகத்திலேயே போக வேண்டும். நூல் மிதவையை முந்திக்கொண்டு இழுத்தால் மீன் திரும்பியும் பார்க்காது.

மழை விடாவிட்டால் ஒழுங்கையிலோ மைதானத்திலோ ஒரு வாளியை முப்பது அடி தூரத்தில் வைத்து, முள் கட்டாமல் ஈயத்தை மட்டும் வீசுங்கள். பத்தில் ஏழு வாளிக்குப் பக்கத்தில் விழுந்தால் ஆற்றுக்குப் போகலாம். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் இதில் என்னை வென்றுவிடுகிறார்கள்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. பாதையைக் கடக்கும்போது காதில் எதையும் மாட்டாதீர்கள். அலைச் சத்தத்தில் ரயில் சத்தம் கேட்பதில்லை. போனவுடன் வீசத் தொடங்காமல் பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். சிறிய அலைகள் பல வந்தபின் பெரிய அலைகள் கூட்டமாக வரும். அவை எந்தக் கல்வரை ஏறுகின்றன என்று பார்த்து, அதற்கு மேலே நில்லுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைக் கரைகளில் முதலை கண்ட நாட்கள் உண்டு. கால்வாய் கடலில் சேரும் இடங்களில் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், சிக்கிய ஸ்பூனுக்காகவும் வேண்டாம். பேத்தை மீன் மாட்டினால் விட்டுவிடுங்கள், அதில் நஞ்சு உண்டு. கெளுத்தியின் முள்ளுக்கு ஒரு குறடு வைத்திருங்கள்.

ஆற்றுக்கு வந்த சால்மன் சாப்பிடாதாமே, பிறகு எப்படித் தூண்டிலில் மாட்டும்?

நல்ல கேள்வி, என்னை வெகுநாள் யோசிக்க வைத்த கேள்வியும் இதுதான். ஆற்றில் ஏறத் தொடங்கிய சால்மனின் குடல் சுருங்கிவிடுகிறது. கடலில் சேர்த்த கொழுப்பை எரித்தே மேலே ஏறுகிறது. பசிக்காக அது கடிப்பதில்லை. தன் இடத்துக்குள் வந்ததைத் துரத்தும் கோபமும், பழைய பழக்கமும்தான் அதைக் கடிக்க வைக்கின்றன என்று நம்புகிறார்கள். ஆகவே இரையின் ருசியைவிட அது மீனின் முகத்துக்கு நேராகப் போவது முக்கியம். பளபளக்கும் ஸ்பூன், சுழலும் ஸ்பின்னர், சால்மன் முட்டைகளைச் சிறு வலைத்துணியில் கட்டிய பொட்டலம் ஆகியவை வழக்கமான இரைகள். ஆற்றுக்குள் நுழையுமுன் துறைமுகத்து வாயில் நிற்கும் மீன் இன்னும் துடிப்போடு இருக்கும். விடியலில் ஸ்பூனுக்கு வரும். எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

பசுபிக் சால்மன் இனங்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் இறந்துவிடும். அத்திலாந்திக் சால்மனில் சில தப்பிக் கடலுக்குத் திரும்பும்.

ஒன்ராறியோவில் எங்கே, எப்போது போகலாம்?

ஒன்ராறியோ ஏரியில் ஒரு காலத்தில் அத்திலாந்திக் சால்மன் நிறைந்திருந்தது. ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள், காடழிப்பு, அளவில்லாத பிடிப்பு எல்லாம் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டு முடியுமுன் அதை அழித்துவிட்டன. இன்று அங்கே நாம் பிடிப்பது பெரும்பாலும் சினூக்கும் கோஹோவும். 1960களின் கடைசியிலிருந்து பசுபிக் இனக் குஞ்சுகளை விட்டதன் பலன் அவை.

ஆகஸ்ட் பிற்பகுதியில் மீன் கரையை அண்டத் தொடங்கும். செப்டெம்பரும் ஒக்டோபர் முற்பகுதியும் ஆறேறும் காலம், ஏறக்குறைய நம் புரட்டாசி. நல்ல மழைக்கு மறுநாள் விடியற்காலை மிகச் சிறந்தது. நம்மவர்கள் அதிகம் வாழும் ஸ்காபரோவிலேயே ஹைலண்ட் ஓடையும் ரூஜ் ஆறும் இருக்கின்றன. பிளஃபர்ஸ் பூங்காக் கரையிலிருந்து ஏரியில் ஸ்பூன் வீசலாம். மேற்கே ஹம்பர், கிரெடிட் ஆறுகள். கிழக்கே போர்ட் ஹோப்பில் கனரஸ்கா. எல்லா ஆறுகளிலும் எல்லாப் பகுதியும் திறந்திருக்காது. மீனுக்கான காப்பிடங்கள் உண்டு, திகதிகளும் மாறும். அந்த ஆண்டின் விதிநூலை மாகாண அரசின் தளத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

காசில்லாமல் ஒரு காரியம் செய்யலாம்: முதல் நாள் தூண்டில் இல்லாமல் போங்கள். கரையில் நின்று மீன் எந்தப் பள்ளத்தில் ஓய்வெடுக்கிறது, எந்தக் கல்லைச் சுற்றி ஏறுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். எதிரொளியை மறைக்கும் மலிவான கறுப்புக் கண்ணாடி இதற்குப் பெரிய உதவி.

உறவினர் அனுமதிப்பத்திரத்தில் நானும் பிடிக்கலாமா?

முடியாது. ஒன்ராறியோவில் வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒரு நாளுக்கென்றும் எட்டு நாளுக்கென்றும் எடுக்கலாம். குறுகிய விடுமுறைக்கு அதுவே சிக்கனம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை அனுமதிப்பத்திரம் உள்ளவரோடு போகலாம், ஆனால் பிள்ளை வைத்துக்கொள்ளும் மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும். குடும்பங்களுக்கென்று அறிவிக்கப்படும் இலவச நாட்கள் கனடாவில் வாழ்பவர்களுக்கு மட்டும்.

வாயில் மாட்டாமல் முதுகிலோ வாலிலோ முள் ஏறிய மீனை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட வேண்டும். வேண்டுமென்றே அப்படிக் கொளுவி இழுப்பது குற்றம். பிடித்ததை விற்பதும், முட்டையை எடுத்துக்கொண்டு மீனை எறிவதும் குற்றம். இவற்றை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நெருக்கமாக மீன் ஏறும் ஓடையில் ஆசை கண்ணை மறைக்கும். ஒருவர் செய்யும் பிழைக்கு அந்தக் கரையில் நிற்கும் தமிழர் எல்லோரும் தலைகுனிய நேரும்.

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, நோர்வே?

செலவு கூடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சால்மனுக்கென்று தனித் தூண்டில் அனுமதி வேண்டும். அதற்கு மேல் ஆற்றங்கரை உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். ஸ்கொட்லாந்தில் அரசின் தூண்டில் அனுமதி தேவையில்லை, ஆனால் அந்த ஆற்றுப் பகுதியின் உரிமையாளர் அனுமதித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே சால்மன் பிடிக்கத் தடை. புகழ்பெற்ற ஆறுகளில் ஒரு நாள் கட்டணம் நம் மாதச் சம்பளத்தை விழுங்கும். உள்ளூர்த் தூண்டில் சங்கங்களின் நீர்ப்பகுதிகள் எவ்வளவோ மலிவு, அவற்றையே விசாரியுங்கள்.

நோர்வேயில் கடலில் கோல் தூண்டில் போடக் கட்டணமில்லை. சால்மன் ஆறுகளுக்கு அரசுக் கட்டணமும் அந்த ஆற்றில் பிடிப்பதற்கான அனுமதி அட்டையும் வேண்டும். காட்டு அத்திலாந்திக் சால்மன் குறைந்துகொண்டே போகிறது. 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியது. 2024 ஜூனில் மீன் வரத்துக் குறைந்ததால் நோர்வே 33 ஆறுகளைப் பருவத்தின் நடுவிலேயே மூடியது. அங்கே போகிறவர்கள் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் மனதோடு போவதே நியாயம் என்று நினைக்கிறேன்.

தூண்டிலை விமானத்தில் கொண்டு போகலாமா?

ரீலைக் கட்டாயம் கொண்டு போங்கள். முள், ஸ்பூன், குறடு எல்லாம் ஒப்படைக்கும் பெட்டிக்குள் இருக்கட்டும், கைப்பைக்குள் வேண்டாம். இரண்டாய்ப் பிரியும் ஒன்பதடிக் கோல் பெட்டிக்குள் அடங்காது. நான்காய்ப் பிரியும் பயணக் கோல் அடங்கும். இல்லையென்றால் அங்கே உறவினரின் கோலை இரவல் வாங்குங்கள். கோல் யாருடையதாக இருந்தாலும் சமாளிக்கலாம். ரீல் உங்கள் கை பழகியதாக இருக்க வேண்டும். நெஞ்சு வரை வரும் நீர்புகாக் காற்சட்டையை வாங்காதீர்கள். துறையிலும் கரையிலும் நின்று பிடிக்க அது தேவையில்லை.

புரட்டாசிச் சனியில் மீன் பிடிக்கப் போவதா என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்வது?

என் அம்மாவும் கேட்டார். நான் சனிக்கிழமை போகவில்லை. நவராத்திரியும் அதே காலத்தில் வரும். வீட்டார் விரதம் பிடிக்கும் நாளில் மீன் பையோடு வாசலில் ஏறுவது அழகில்லை. வார நாளில் போனால் ஆற்றங்கரையில் கூட்டமும் குறைவு. இங்கே கொழும்பில் போயா நாளிலும் நான் கோலை எடுப்பதில்லை. வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகும் அயலவர்களுக்கு முன்னால் அது வேண்டாம்.

பிடித்த சால்மனைச் சாப்பிடலாமா?

ஏரியிலும் துறைமுக வாயிலிலும் வெள்ளியாக மின்னும் மீன் நன்றாக இருக்கும். ஆற்றில் நாட்பட்டுக் கருத்த மீனின் தசை வெளுத்து, கொழுப்பிழந்து, ருசியற்றுவிடும். அதை விட்டுவிடுங்கள். ஒன்ராறியோ அரசு எந்த நீரில் எந்த அளவு மீனை மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. பெரிய சால்மனின் கொழுப்பில் பழைய தொழிற்சாலைக் கழிவுகளின் நச்சு சேர்ந்திருக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அளவு இன்னும் குறைவு. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கிச் சமைப்பது நல்லது. கொழுப்பு மீன் என்பதால் தேங்காய்ப்பாலைக் குறைத்துப் புளியைக் கூட்டுங்கள். அக்கா பழப்புளியும் வெந்தயமும் போட்டு வைத்த குழம்பு இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருந்தது.

விடுவதென்றால் எப்படி விடுவது?

கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு அங்கே நோய் பற்றும். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்காதீர்கள். படம் எடுப்பதானால் மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொளுக்கியைக் குறடால் நசுக்கி வைத்திருந்தால் நொடியில் கழன்றுவிடும். பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக வாலடித்துப் போகும்வரை காத்திருங்கள்.

ஆற்றின் அடியில் சுத்தமாக வெளுத்த சரளைத் திட்டு தெரிந்தால் அதில் கால் வைக்க வேண்டாம். பெண் சால்மன் வாலால் கிளறி முட்டையைப் புதைத்த குழி அது.

திரும்பி வந்தபின் ரீலை எப்படிப் பாதுகாப்பது?

வந்தபின் மட்டுமல்ல, வெள்ளவத்தையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு காலையும் செய்ய வேண்டியது இது. டிராக் திருகை முழுவதும் இறுக்குங்கள், உள்ளே தண்ணீர் போகாது. குழாயை மெல்லத் திறந்து, வேகமில்லாத நீரில் ஒரு நிமிடம் கழுவுங்கள். ஈரத்தைத் துடைத்து நிழலில் வையுங்கள். உலர்ந்ததும் திருகை முழுவதும் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் தட்டுகள் அழுந்தி, அடுத்த தடவை சுருள் திக்கித் திக்கித்தான் வழுக்கும். கைப்பிடியின் அச்சிலும் நூல் உருளையிலும் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் போதும். நூலின் முதல் இரண்டு மீற்றரை விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டைக் கற்களிடையே போடாமல் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தங்கூசி உக்குவதில்லை, கொக்குகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.